நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர்

ஸ்டவாங்கர்
3 மே 1998

யோஸ்டைன்,

கிறிஸ்துமஸ் விருந்தில் நீ முள்கரண்டியைத் தட்டில் வீசிவிட்டு எழுந்துபோனதிலிருந்து நாம் பேசவில்லை. இது அதைப் பற்றிய கடிதம் இல்லை. வேலைக் கடிதம். ஆபீஸ் வழியாக அனுப்பினால் நடுவில் நான்கு மேசைகளில் தூங்கிவிட்டு வரும் என்பதால் நேராக உன் கப்பலுக்கு அனுப்புகிறேன். போன் வேண்டாம். நம் இரண்டு பேருக்கும் போனில் மூன்றாவது நிமிஷம் கத்தல்தான்.

அன்றைக்கு நீ என்னைப் பேசி முடிக்க விடவில்லை. "அக்கா, என் பொண்டாட்டி சோத்துல மண்ணைப் போடாதே"ன்னு கத்தினாயே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. இப்போது கேள்.

மேற்கு எண்ணெய்க் குழாயை 1977இல் கடலடியில் போட்டார்கள். இருபது வருஷம் உழைக்கும் என்று சொல்லிப் போட்டது. இருபதும் முடிந்துவிட்டது. இன்னும் பதினைந்து வருஷம் ஓட்டலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். குழாயின் இரும்பு நன்றாக இருக்கிறது. அரிப்பு குறைவு. நூற்றுப் பத்து கிலோமீட்டரில் ஒரே ஒரு இடம்தான் என் கழுத்தைப் பிடிக்கிறது. நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில், அடியில் மண் கரைந்து, நாற்பத்து மூன்று மீட்டர் நீளத்துக்குக் குழாய் அந்தரத்தில் தொங்குகிறது. நீரோட்டம் போகும்போதெல்லாம் அது நடுங்கும். ஒவ்வொரு நடுக்கமும் பற்றவைத்த இடத்தைத் துளித்துளியாகத் தின்னும்.

நான் போட்ட கணக்கில், அந்த இடம் பதினோரு வருஷ நடுக்கத்தைத் தாங்கும். அதற்கு மேல் ஒரு நாள்கூட என்னால் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் கப்பல் பதிவேட்டில் 1984 வரை அது மண்ணில் படுத்திருந்தது; 1985இல் தொங்கியது, 1989இல் தொங்கியது, 1997இல் தொங்கியது. அப்படியென்றால் பதின்மூன்று வருஷம். யோஸ்டைன், என் கணக்குப்படி அந்தக் குழாய் இரண்டு வருஷத்துக்கு முன்பே செத்திருக்க வேண்டும். அது பாட்டுக்கு எண்ணெய் தூக்கிக்கொண்டு போகிறது.

ஆகஸ்ட் கடைசிக்குள் நான் பதில் தர வேண்டும். சரி என்று கையெழுத்துப் போடாவிட்டால் அக்டோபர் ஒன்றாம் தேதி குழாயை மூடிவிடுவார்கள். உன் பொண்டாட்டி தோர்டிஸ் சமைக்கிற அந்தக் கடல்நடு எண்ணெய் மேடைக்கு வேறு குழாய் இல்லை, இதை மூடினால் அதையும் மூடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் இராத்தூக்கம் கெட்டுப்போய் எழுதுகிறேன்.

85க்குப் பிறகு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது விதி. 1993இல் ஏன் அந்த இடத்தை ஒருவரும் பார்க்கவில்லை? பதில் போடு.

குன்வோர்


ஹாவ்சூலா கப்பல்
18 மே 1998

மாட்சிமை பொருந்திய பொறியாளர் அம்மாளுக்கு,

கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. மே பதினேழு, தேசிய நாள் என்பதால் கப்பலே கோட்டும் டையுமாகத் திரிந்தது. எய்விந்துக்கு எட்டு வருஷத்துக்கு முன் தைத்த கோட்டு. பொத்தான் போட முடியாமல் கையால் பிடித்துக்கொண்டே தேசிய கீதம் பாடினான். மேடையில் தோர்டிஸ் நூற்று நாற்பது பேருக்குக் கேக் செய்தாளாம். அவளிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கேக் போடுகிற கைக்கு எதற்கு இந்தக் கவலை.

93இல் ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறாய். அது உங்கள் ஆபீஸ் போட்ட சட்டம்தான் தாயே. அடுத்தடுத்த இரண்டு பார்வையிலும் ஒரே அளவு வந்தால் அந்த இடம் "மாறாத இடம்" என்ற பட்டியலுக்குப் போய்விடும். அதன் பிறகு எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். 85இல் நாற்பத்து மூன்று, 89இல் நாற்பத்து மூன்று. பட்டியலுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான்.

பதினேழு வருஷமாக அந்தப் பதிவு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கடலடிக்கு இறக்கிய கேமரா வண்டியை எய்விந்த் கப்பலில் இருந்தபடியே ஓட்டுவான், நான் திரையைப் பார்த்து மீட்டருக்கு மீட்டர் எழுதுவேன். என் பதிவில் பிழை என்று இதுவரை எந்த ஆபீஸும் ஒரு வரி எழுதியதில்லை. உன் கணக்கு ஒத்துவரவில்லையென்றால் உன் கணக்கைப் பார். குழாய் உயிரோடு இருக்கிறது. அதற்கு உன் கணக்கைப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

தட்டில் வீசியது முள்கரண்டி இல்லை, கரண்டி. அதையும் சரியாகப் பதிவு செய்.

யோஸ்டைன்


ஸ்டவாங்கர்
25 மே 1998

டேய்,

கரண்டி என்று திருத்திக்கொண்டேன். உன் திமிரையும் சேர்த்துப் பதிவு செய்தேன்.

என் கணக்கை மூன்று தடவை போட்டாயிற்று. பக்கத்து அறை ரோல்வையும் போடச் சொன்னேன். அவருக்கும் பதினோரு வருஷம்தான் வருகிறது. "குன்வோர், கணக்கு செத்துப்போச்சுன்னு சொன்னா செத்துப்போச்சுதான். ஏன் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்கிறார். அவருக்கென்ன, அவர் தம்பி பொண்டாட்டியா மேடையில் இருக்கிறாள்.

ஒரு உதவி செய். ஜூனில் உங்கள் கப்பல் அந்தப் பக்கம் போகும் என்று அட்டவணையில் இருக்கிறது. எல்லோரும் குழாயின் முதுகையும் விலாவையும்தான் படம் எடுக்கிறார்கள். நீ வயிற்றைப் பார். மண்ணில் படுத்திருக்கும் குழாயின் வயிற்றில் எதுவும் ஒட்டி வளராது. தொங்க ஆரம்பித்த பிறகுதான் வளரும். பதின்மூன்று வருஷம் தொங்கிய வயிறு என்றால் அங்கே ஒரு காடே இருக்க வேண்டும். காடு இருந்தால் நான் தோற்றேன், மூடச் சொல்லி எழுதிவிடுவேன். இல்லையென்றால் மறுபடி பேசுவோம்.

குளிர்ச்சட்டை போடு. போன தடவை உனக்கு நெஞ்சுச் சளி என்று தோர்டிஸ்தான் சொன்னாள், நீ சொல்லவில்லை.

குன்வோர்


ஹாவ்சூலா
21 ஜூன் 1998

அக்கா,

இன்றைக்கு உன்னைத் திட்ட மனசு வரவில்லை. நல்ல செய்தி.

நேற்றுக் காலை நாற்பத்தொன்றுக்குப் போனோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி. எய்விந்த் வண்டியைக் குழாய்க்கு அடியில் நுழைக்க மாட்டேன் என்றான். "உன் அக்காவுக்கு வயிறு பாக்கணும்னா டாக்டர்கிட்டப் போகச் சொல்லு. கயிறு மாட்டிக்கிட்டா வண்டிக்கு யாரு பதில் சொல்றது?" என்று ஒரே சண்டை. மத்தியானம் என் பங்கு மீனையும் சேர்த்துத் தருவதாகச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

முதுகில் நீ சொன்ன காடு இருக்கிறது. கை முட்டி பருமனுக்குக் கடல் சாமந்தி, விரல் விரலாக வெள்ளைப் பவளம், நடுவில் ஒரு நண்டு குடும்பத்தோடு குடியிருக்கிறது. அப்புறம் வண்டி அடியில் போனது. வயிறு முகச்சவரம் செய்த மாதிரி இருக்கிறது! அங்கங்கே அரிசி சிந்தியது போல் புழுக்கூடு. சாமந்தி ஒன்றிரண்டு, சட்டைப் பொத்தான் அளவு. கப்பலில் மீன் எண்ண வந்திருக்கும் உயிரியல் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது மூணு வருஷத்துக்கு மேல இருக்காது, ரெண்டரைன்னு கூடச் சொல்லுவேன்" என்றாள். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். படத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

அப்படியென்றால் குழாய் மூன்று வருஷமாகத்தான் தொங்குகிறது. பதின்மூன்று இல்லை. பிழைத்தது! தோர்டிஸுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "குன்வோர் சாப்பாட்டுக்கு வருவாங்களா?"

நாளை மறுநாள் கரைக்குப் போகிறோம், நடுக்கோடை நெருப்புக்கு. உனக்காக ஒரு கட்டை சேர்த்துப் போடுகிறேன்.

தம்பி


ஸ்டவாங்கர்
29 ஜூன் 1998

யோஸ்டைன்,

படங்களைப் பார்த்தேன். அந்தப் பொத்தான் சாமந்தியைப் பார்த்து ஆபீஸிலேயே சத்தம் போட்டுச் சிரித்தேன். ரோல்வ் எட்டிப் பார்த்தார்.

ஆனால் நீ சந்தோஷத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். அல்லது விட்டது போல் நடிக்கிறாய்.

வயிறு சொல்கிறது, நடுவில் பல வருஷம் அது மண்ணில் படுத்திருந்தது என்று. எந்த வருஷத்திலிருந்து என்று வயிற்றுக்குச் சொல்லத் தெரியாது. 85இல் தொங்கியது உண்மை, அதற்குப் புகைப்படம் இருக்கிறது. 89இலும் தொங்கியது என்று உன் பதிவு சொல்கிறது. அது உண்மையானால், 89க்குப் பிறகு எப்போது மண் மூடியது என்று யாருக்கும் தெரியாது. 93, 94 வரை தொங்கியதாகத்தான் நான் எண்ண வேண்டும். மறுபடி பதினொன்றைத் தாண்டிவிடும். 89இல் அது மண்ணில் இருந்திருந்தால் மட்டும்தான் தப்பிக்கும்.

இன்னொன்று. மற்ற இடங்களில் 85க்கும் 89க்கும் ஒரு மீட்டர், அரை மீட்டர் வித்தியாசம் இருக்கிறது. கடலடி மண் சும்மா இருக்காது. முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தேழு வரை, அந்த ஒன்பது கிலோமீட்டரில் மட்டும், அங்கங்கே தொங்கும் பதினாறு இடங்களின் நீளமும் அச்சாக அதே எண்கள். கடைசிப் புள்ளி வரைக்கும்.

நான் கேட்கமாட்டேன். நீயே சொல்.

குன்வோர்


கார்மோய், வீட்டில்
8 ஜூலை 1998

அக்கா,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தோர்டிஸ் துணி துவைக்கும்போது எடுத்துப் படித்துவிட்டாள். "உக்காந்து எழுது" என்று பேனாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

89ஆம் வருஷப் பதிவு திரையைப் பார்த்து எழுதியது இல்லை. 85ஆம் வருஷப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்த எண்களை அப்படியே எழுதினேன்.

அன்று மூன்று மணி நேரம் நான் நாற்காலியில் இல்லை. திரும்பி வந்தபோது வண்டி நாற்பத்தேழைத் தாண்டிவிட்டது. திருப்பி ஓட்டச் சொன்னால் கேப்டன் ஏன் என்று கேட்பார். தொங்கல் எல்லாம் அங்கேதான் இருக்கும், எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்தேன். கரைக்கு வந்து கேமரா டேப்பைப் போட்டுப் பார்த்துத் திருத்திவிடலாம் என்றும் நினைத்தேன். திருத்தவில்லை. அப்புறம் "மாறாத இடம்" என்று முத்திரை விழுந்துவிட்டது. நான் பார்க்காததால் எல்லோரும் பார்க்காமல் விட்டார்கள். பதினேழு வருஷம் பிழையே இல்லை என்று உனக்கு எழுதினேனே, அதை எழுதும்போது காது சுட்டது.

வெட்கமாக இருக்கிறது.

யோஸ்டைன்


ஸ்டவாங்கர்
14 ஜூலை 1998

யோஸ்டைன்,

கோபம் வந்தது. சமையலறையில் தனியாக நின்று உன்னைத் திட்டினேன். திட்டி முடித்ததும், நீ சொல்லிவிட்டாய் என்று ஒரு நிம்மதி வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

இப்போது இரண்டு கேள்வி. அந்த டேப் எங்கே? மாறாத இடத்து டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். போயிருந்தால் எல்லாம் போச்சு.

இரண்டாவது, மூன்று மணி நேரம் எங்கே போயிருந்தாய்? வம்புக்குக் கேட்கவில்லை. பதிவு தவறியதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அதில் "காரணம்" என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் மேலே இருப்பவர்கள் உன் பதினேழு வருஷத்தையும் சந்தேகப்படுவார்கள். ஒரு நாள் தவறியது ஏன் என்று தெரிந்தால் மற்ற நாட்களை நம்புவார்கள்.

குன்வோர்


கார்மோய்
20 ஜூலை 1998

அக்கா,

டேப் இருக்கிறது. அழிக்கிற கூடையிலிருந்து அந்த மாசமே எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒன்பது வருஷமாக நிலவறையில், தோர்டிஸின் பழச்சாறு பாட்டில்களுக்குப் பின்னால் கிடந்தது. ஒவ்வொரு வருஷமும் பாட்டில் அடுக்கும்போது, "இது என்ன டேப்?" என்பாள். "பழைய கால்பந்து" என்பேன். ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நாற்பத்து மூன்று மீட்டருக்குப் பதில் அறுபது இருந்தால்? இத்தனை வருஷம் தோர்டிஸ் என் பொய்யின் மேல் நின்று சமைத்திருந்தால்? இன்றும் நான் பார்க்கவில்லை. நீ பார். பார்சலில் வருகிறது.

சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார். வண்டி ஓட்டும் அறைப் பேச்செல்லாம் அதில் பதிவாகியிருக்கும். எய்விந்தின் வாய் உனக்குத் தெரியுமே. பெண்பிள்ளை கேட்கிற மாதிரி இருக்காது.

காரணம் என்று கேட்டாய். தூங்கிவிட்டேன் என்று எழுதிக்கொள். கப்பல் கம்பெனியிலும் போன வாரம் போய் அப்படித்தான் சொன்னேன். ஆறு மாதம் பதிவு நாற்காலியில் உட்காரக் கூடாது, கயிறு சுற்றும் வேலை என்று உத்தரவு. எச்சரிக்கைக் கடிதமும் உண்டு. சரிதான், வாங்க வேண்டியதுதான். எய்விந்த் மட்டும் என்னமோ சொல்ல வந்தான். வாயை மூடிக்கொள் என்றேன்.

ஊரே விடுமுறையில் இருக்கிறது. இங்கே மழை.

தம்பி


ஸ்டவாங்கர்
23 ஆகஸ்ட் 1998

என் தம்பிக்கு,

முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குழாய் பிழைத்தது.

ஜூலை கடைசியில் ஆபீஸில் ஈ காக்கை கிடையாது. நானும் டேப் ஓட்டும் பெட்டியும்தான். நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர் வந்தது. தொங்கல் இல்லை, யோஸ்டைன்! மண் குழாயின் பாதி உயரத்துக்கு ஏறியிருக்கிறது. தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரிப் படுத்திருக்கிறது. அறுபதும் இல்லை, நாற்பத்து மூன்றும் இல்லை. நீ ஒன்பது வருஷம் பயந்தது ஒன்றுமில்லாததற்கு.

85க்கும் 89க்கும் நடுவில் எப்போது மூடியது என்று தெரியாததால் அந்த நாலு வருஷத்தையும் குழாய் தலையிலேயே கட்டினேன். இப்போதைய மூன்றையும் சேர்த்தால் ஏழு. பதினொன்றில் ஏழு போச்சு, நாலு மிச்சம். அந்த மிச்சத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று, செப்டம்பரிலேயே அடியில் கல் கொட்டி முட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு அது நடுங்காது. மற்ற இடங்களையும் பார்த்து, பதினைந்து கேட்டார்கள், பன்னிரண்டு கொடுத்தேன். "மாறாத இடம்" என்ற பட்டியலையே எடுக்கச் சொல்லிவிட்டேன். வருஷா வருஷம் பார்க்க வேண்டும், திரை முன்னால் இரண்டு பேர் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டேன். தோர்டிஸிடம் அடுப்பை அணைக்க வேண்டாம் என்று சொல்.

இனி மற்றது.

திரை மூலையில் தேதி ஓடுகிறது. ஆபீஸுக்கு வந்த சுருக்கப் பட்டியலில் வருஷம் மட்டும்தான் இருந்தது; எந்தத் தேதி என்று நான் பார்த்ததே இல்லை. 14.09.89. வியாழக்கிழமை, நம் பக்கத்தில் எல்லா அடுப்பிலும் உருளைக்கிழங்கு உருண்டை வேகும் நாள். காலை பத்து ஐம்பது.

நீ குறைக்கச் சொன்ன சத்தத்தைக் கூட்டினேன்.

எய்விந்த் கூப்பிடுகிறான். "எழுதிக்கோ, முப்பத்தெட்டு, மண்ணுல இருக்கு." பதில் இல்லை. "ஏய் யோஸ்டைன், எழுதிக்கிட்டியா? எங்கடா போனான் இவன்?" இன்னொரு குரல், "மேல ரேடியோ போன்ல இருக்கான். அவன் அக்கா வீட்டுக்காரர் காலையில தவறிட்டாராம். அந்தம்மா ஆஸ்பத்திரியில தனியா இருக்காங்களாம்." அப்புறம் எய்விந்த், "சரி விடு. கூப்பிடாத. மெதுவா ஓட்டுறேன்." அப்படியே ஒரு மணி நேரம். அப்புறம் ஒருத்தன் வந்து, "உருண்டை ஆறிப்போகுது, அவனுக்கு எடுத்து மூடி வைக்கட்டுமா?" என்கிறான்.

அந்த டேப்பில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை, யோஸ்டைன்.

அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து போனில் உனக்கு எத்தனை தடவை சொன்னேன், "உனக்கு வேலை இருக்கும், வச்சுடறேன்" என்று. நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "காத்து ஜாஸ்திக்கா, அலை ரொம்ப மோசம், வேலையெல்லாம் நிறுத்திட்டாங்க. சும்மாதான் உக்காந்திருக்கேன். நீ பேசு." நான் எங்கே பேசினேன். அழுதேன். அன்ஸ்கார் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். நீ வைக்கவே இல்லை. அவருடைய அண்ணன் பேருந்து பிடித்து வந்து சேரும்வரை வைக்கவில்லை. கடல் மோசமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று என்று இந்த ஒன்பது வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். டேப்பில் பார்த்தேன். கேமரா கயிறு அசையவே இல்லை. அவ்வளவு அமைதியான கடல்.

ஜூலையிலிருந்து அந்த மூன்று மணி நேரத்தை யார் தின்றார்கள் என்று தேடினேன். நான்தான் தின்றிருக்கிறேன்.

அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. நீ எழுந்து போனது சரி. திரும்பி வந்து பார்க்காமல் எழுதியது தப்பு. அக்கா என்ற முறையிலும் சொல்கிறேன், பொறியாளர் என்ற முறையிலும் சொல்கிறேன். கயிறு சுற்று, ஆறு மாதம்தானே. ஆனால் தூங்கினான் என்ற பெயர் உனக்கு வேண்டாம்.

படிவத்தில் "காரணம்" என்ற கட்டம் ஒன்றரை விரல் நீளம். முதலில் "பதிவாளர் நாற்காலியில் இல்லை" என்று எழுதினேன். இடம் மிச்சம் இருந்தது. பேனாவை எடுக்காமல் பக்கத்திலேயே எழுதினேன்: "என்னோடு இருந்தார்." கீழே என் கையெழுத்து. ரோல்வ் படித்துவிட்டு, "இது படிவத்துக்கு ஏத்த பாஷை இல்லையே குன்வோர்" என்றார். நான் டேப்பைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். அவருடைய முத்திரையையும் குத்திவிட்டுக் காப்பி எடுக்கப் போனார். நகல் உன் கம்பெனிக்குப் போயிருக்கிறது. டேப்பை நானே வைத்துக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை உருண்டை எனக்குத் தொண்டையில் இறங்கியதில்லை. இந்த வியாழக்கிழமை காலைப் படகில் வருகிறேன். தோர்டிஸை எனக்கு ஆறு போடச் சொல், வெண்ணெய் நிறைய. உனக்கு எடுத்து மூடி வைத்தது ஆறியே போயிருக்கும், சூடாக இன்னொரு தடவை சாப்பிடுவோம். கரண்டி மட்டும் உன் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

அக்கா